சிரிக்கத் தெரிந்த முன்சீப்



சென்ற ஜூன் 22ந் தேதி, புனித தோமாஸ் மோர் திருநாளன்று பூசையில் நான் செய்த பிரசங்கம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இங்கிலாந்து தேசத்தில் 1478ஆம் ஆண்டு பிறந்து, சட்டம் படித்து வழக்கறிஞராகி, பின்னர் அந்த ராஜ்யத்தின் தலைமை நீதியதிகாரி என்ற பதவிவரை உயர்ந்தவர் அவர். வீட்டில் ஒரு குரங்கை வளர்த்தார். விகடம் செய்வதற்கென்றே ஓர் ஆளைக் குடும்பத்தில் வைத்திருந்தார். மகனுக்கு நிகராகத் தம் மகள்களுக்கும் லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்தார். மனச்சாட்சிக்கு விரோதமான ஒரு சத்தியத்தைச் செய்ய மறுத்ததற்காக 1535ல் சிரச்சேதம் செய்யப்பட்டார். இவ்வளவும் அன்று சொன்னேன்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நான் நின்றுகொண்டிருக்கையில், கோர்ட்டில் நெடுங்காலம் அமீனாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மெல்ல என் பக்கம் வந்தார். சாமி, எல்லாம் சரிதான், ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற, கைநீட்டிக் காசு வாங்காத, வீட்டு மனுஷர்மேல் பட்சமாயிருந்த ஒரு சட்டக்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் சீமைக்குத்தான் போக வேண்டுமா, நம் தமிழ் நாட்டில் அப்படி ஒருவர்கூட இல்லையா என்று கேட்டார். கேட்டது வேடிக்கையாகத்தான். ஆனாலும் ஆயுசில் பாதியைக் கோர்ட்டு வராந்தாவில் கழித்தவர் கேட்கிற கேள்வியை வேடிக்கை என்று தள்ளிவிடலாமா? இருக்கிறார், பங்கு மடலில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். ஜூலை 21 அவர் காலமான நாள். ஆகையால் இந்த வாரமே அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

பெயரைக் கேட்டதும் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையை உயர்த்திவிடுவார்கள். தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார் என்ற ஒரு மார்க்குக் கேள்விக்கு விடை அவர்தான். அந்த ஒரு மார்க்கோடு அவரை நாம் விட்டுவிடுகிறோம். அவர் நம்மைப் போல் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்பதும், வயலும் வரப்பும் கடன் பத்திரமுமாக வந்து நின்ற ஜனங்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர் என்பதும், அவ்வளவு சண்டைகளைக் காது கொடுத்துக் கேட்ட பிறகும் சிரிப்பு மாறாதவராய் இருந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வேளாண் குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ந் தேதி அவர் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள். எழுத்தும் இலக்கமும் தந்தையிடம். பிறகு தமிழும் ஆங்கிலமும், திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் ஆசிரியரிடம். பையனுக்கு வாய்த்த வாத்தியாரே கோர்ட்டு உத்தியோகஸ்தராக இருந்ததால், அவனும் அந்த வாசற்படியிலேயே ஏறியதில் அதிசயமில்லை. 1848ல், 22 வயதுக்குள், திருச்சி நீதிமன்றத்தில் பத்திரங்களைக் காக்கும் உத்தியோகம். 1850ல் அங்கேயே மொழிபெயர்ப்பாளர். 1857ல் தரங்கம்பாடியில் முன்சீப். பின்பு சீர்காழி. அதன் பின் மாயூரம். இன்று மயிலாடுதுறை என்கிறோமே, அந்த ஊரில் அவர் நெடுங்காலம் முன்சீப்பாக இருந்தபடியால்தான் ஊர்ப் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

வக்கீலாக நின்று வாதாடியவர் அல்லர் அவர். வக்கீல்கள் வாதாட, மேலே உட்கார்ந்து கேட்டவர். கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்கார ஜட்ஜுகளிடம் ஜனங்கள் நெருங்கிப் போனதில்லை. முன்சீப் கோர்ட்டுதான் அவர்களுடைய கோர்ட்டு. ஒரு தென்னை மரத்துக்காக அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கிற இடம் அது. நம் போடியில் ஏலத் தோட்டத்துப் பங்குக்காகவும் வாய்க்கால் தண்ணீருக்காகவும் வழக்காடுகிறவர்களுக்கு நான் இதை விவரிக்க வேண்டியதில்லை.

அவர் செய்த முதற் பெரிய காரியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்நாளில் சென்னையிலிருந்த மேல்கோர்ட்டின் தீர்ப்புகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கீழே வழக்காடுகிற குடியானவனுக்கு அது தெரியாது. அவனுக்காகப் பேசுகிற உள்ளூர் வக்கீல்களில் பலருக்கும் தெரியாது. எந்தச் சட்டத்தின்படி தன் நிலம் போயிற்று என்பதை அறியாமலே ஒருவன் நிலத்தை இழப்பான். மேலே முன்பு எப்படித் தீர்ப்பாயிற்று என்று தெரிந்திருந்தால் பாதி வழக்குகளுக்கு அவன் வந்திருக்கவே மாட்டான். வேதநாயகம் பிள்ளை உட்கார்ந்து 1805ஆம் ஆண்டு முதல் 1861 வரையுள்ள தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் பெயர்த்தார். சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862ல் அது அச்சாயிற்று. அதே 1862ல்தான் சென்னையில் ஐகோர்ட்டு ஏற்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செய்த மொழிபெயர்ப்பு வேலையின் பழக்கம் கையில் இருந்தது. அதைச் சம்பளத்துக்கு மட்டும் செலவழித்திருக்கலாம். ராத்திரி விளக்கெண்ணெயைச் செலவழித்து ஊருக்காகவும் செய்தார். அச்சில் வந்த முதல் தமிழ் நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைச் சும்மா பெயர் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, ஏழைக்கு அவர் செய்த உபகாரங்களில் இது முன் வரிசையில் நிற்கிறதாகவே படுகிறது.

அதற்கு 3 வருஷம் முன்பே, 1859ல், நீதிநூல் என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டிருந்தார். முன்சீப் வேலைக்கு வந்து இரண்டே வருஷம். அதில் கைக்கூலி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. லஞ்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். உத்தியோகத்தில் உட்கார்ந்துகொண்டே, தம்மைச் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிற உத்தியோகஸ்தர்களின் கை நீளத்தை அளந்து பாடுவதென்றால் துணிச்சல் வேண்டும். அவர் திட்டவில்லை. பரிகாசம் செய்தார். திட்டினால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். பரிகாசம் செய்தால் பக்கத்து மேஜைக்காரன் சிரிப்பான், குற்றவாளி வெட்கப்படுவான். பிரசங்க மேடையில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் இந்த வித்தையை அவரிடம் கற்றுக்கொண்டிருக்கலாம்.

சிரிப்பு என்றதும் எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், படிப்பு நேரத்தில் தத்துவ சாஸ்திரப் புத்தகத்துக்குள் பிரதாப முதலியார் சரித்திரத்தை மறைத்து வைத்துப் படித்தேன். பிரதாபனின் படிப்பைப் பற்றிய கட்டம் வந்தபோது அடக்க முடியாமல் உரக்கச் சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். அவர் கையில் போன புத்தகம் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த ஒரு வாரமும் அவர் அறையிலிருந்தும் அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்டதாக நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்தக் கட்டம் இதுதான். பிரதாபன் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. பாட்டி கொடுத்த செல்லம். உத்தியோகம் பார்த்துப் பிழைக்க வேண்டிய அவசியமில்லாத தனக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறான். வாத்தியாரோ வீட்டுக்கே வருகிறார். பணக்காரப் பிள்ளையை அடிக்கக் கூடாது. ஆனால் தப்புக்குத் தண்டனையும் வேண்டுமே! ஆகையால் கூடப் படிக்கிற ஏழைப் பையன் கனகசபையின் முதுகில் அந்த அடிகளெல்லாம் விழுகின்றன. தப்பு ஒருவனுடையது, முதுகு இன்னொருவனுடையது. படிக்கும்போது சிரிக்கிறோம். புத்தகத்தை மூடிய பிறகு யோசித்தால், ஊரிலும் கோர்ட்டிலும் மலைத்தோட்டத்திலும் நாள்தோறும் நடப்பதையல்லவா இந்த முன்சீப் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. பிரதாபனைத் திருத்துகிறவள் அவன் தாய் சுந்தரத்தண்ணி. இந்தக் கதை நெடுகிலும் புத்தியோடு நடந்துகொள்கிறவர்கள் பெண்கள்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் கலியாணம் பேசுகிறார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் வீம்பு வந்துவிடுகிறது. கலியாணமான பிறகு பிள்ளையும் பெண்ணும் யார் வீட்டில் இருப்பது என்று தகராறு. அதிலே கலியாணமே நின்றுபோகிறது. சென்ற வருஷம் கலியாணத்துக்கு ஆயத்தம் செய்ய வந்த ஒரு ஜோடியின் பெற்றோர் என் அறையில் உட்கார்ந்து, பெண் போடியில் இருப்பதா, மேலே பூப்பாறையில் இருப்பதா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்து அந்த இரண்டு சம்பந்திமாரின் சண்டையைக் கதையாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் தகப்பனார்தான் முதலில் சிரித்தார். பிறகு காரியம் எளிதாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டு முன்சீப் ஒருவர் 21ஆம் நூற்றாண்டுத் தகராறு ஒன்றைக் கட்டணமில்லாமல் தீர்த்து வைத்தார் என்க.

கதை முழுவதையும் சொல்லிவிட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். ஒன்று மட்டும். ஓர் ஊரில் பிரதாபன் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்து, கூலியைச் சரியாகப் பேசாமல், உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்கிற மாதிரி வாக்கு விட்டுவிடுகிறான். கொடுத்த கூலியில் தனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை என்று அவன்மேல் வழக்கு வருகிறது. சிறைக்கும் போகிறான். கணவனைத் தேடிக்கொண்டு ஆண் வேஷத்தில் வருகிற ஞானாம்பாளுக்கு அந்தத் தேசத்து யானை மாலை போட, அவள் ராஜாவாகிறாள். வழக்குகளைக் கேட்டு அவள் தீர்ப்புச் சொல்லுகிற அழகைப் படித்துப் பாருங்கள். வார்த்தையை அளந்து பேசாதவன் கோர்ட்டில் என்ன பாடுபடுவான் என்பதைத் தினமும் கண்ட ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

அதே கதையின் பிற்பகுதியில், தமிழ் ஜட்ஜுக்கு முன்னால், தமிழ்க் கட்சிக்காரனுக்காக, தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுகிற விந்தையைப் பிடித்துக்கொள்கிறார். கட்சிக்காரனோ தன் வழக்கு ஜெயிக்கிறதா தோற்கிறதா என்றே தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறான். பிள்ளையவர்கள் எழுதி 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கீழ்க்கோர்ட்டுகளுக்குத் தமிழ் வந்துவிட்டது. ஐகோர்ட்டில் இன்னும் ஆங்கிலந்தான்.

பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879ல். தமிழில் செய்யுள் குவிந்து கிடக்கிறது, வசனத்தில் வாசிக்கப் புத்தகம் இல்லையே என்ற குறைதான் அவரை எழுதவைத்தது. குறையும் சொல்லிவிடுகிறேன். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்வார். வாசகர் கொட்டாவி விடுவார். ஞாயிறுதோறும் உங்களைக் கொட்டாவி விடச் செய்கிற நான் அதைப் பற்றி அதிகம் பேசுவது நியாயமல்ல. நம் வேதத்தைச் சேர்ந்தவர்களில் தமிழ் வசனத்தில் சிரிக்கவைத்தவர் இவர் முதல்வருமல்ல. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து மட்டிச் சீடர்களையும் படைத்துவிட்டார். குருவானவர் ஒருவரே குருவைக் கேலி செய்து எழுதினார் என்பதை, என்னைக் கேலி செய்ய விரும்புகிறவர்கள் மேற்கோளாகக் காட்டிக்கொள்ளலாம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவருடைய வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே சிரிப்புக்குக் காரணம் குறைவு. கைப்பிடித்த மனைவி இறந்தார். மறுமணம் செய்துகொண்டார். அவரும் நோயில் போனார். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முறை அந்த வீட்டிலிருந்து குடும்ப விளக்கைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போக நேர்ந்தது. தாயில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலையில் கோர்ட்டுக்குப் போய்ப் பிறர் வீட்டுச் சண்டைகளைக் கேட்க வேண்டும். மாலையில் தம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வைத்தியமும் பிரசவமும் அன்றிருந்த நிலையில் இது பல வீடுகளில் நடந்த துக்கந்தான். ஆனாலும் பலருக்கு நடக்கிறது என்பதால் ஒருவருக்கு வலிக்காமல் போகுமா? பாட்டிமாரும் தாய்மாரும் மருமகள்மாரும் நிறைந்து கலகலவென்றிருக்கிற வீடுகளை அவர் கதையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அவர் வீட்டில் எப்போதும் நிலைக்காத ஒன்றை அவர் புத்தகத்தில் நிலைக்க வைத்தார். தேவமாதாவின் பேரில் அவர் பாடிய அந்தாதியையும், பெரியநாயகி அம்மை பதிகத்தையும் இந்த எண்ணத்தோடு எடுத்துப் படித்தால் வேறு விதமாகக் கேட்கும்.

அந்த வீட்டுக்குள்ளிருந்துதான், என் எண்ணப்படி, பெண்களைப் பற்றிய அவர் கவலையும் புறப்பட்டது. 1869ல் பெண்மதி மாலை என்ற நூலை வெளியிட்டார். பெண்கள் வீட்டில் பாடிக்கொள்ளும்படியான பாட்டுகள். அவற்றோடு பெண் கல்வி, பெண் மானம் என்று வசனப் பகுதிகள். பெண்ணுக்குப் படிப்பு ஆகாது என்று அக்காலத்துப் பெரியவர்கள் சொன்ன நியாயங்களை, எதிர்க்கட்சி வக்கீலின் வாதங்களை உடைப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறார். முன்சீப்பாக உட்கார்ந்திருந்தவர் வக்கீலாக எழுந்து நின்று வாதாடியது இந்த ஒரு வழக்கில்தான் என்று சொல்லலாம். கட்சிக்காரர்கள் நாட்டுப் பெண்கள் அத்தனை பேரும். பீஸ் கிடையாது. மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளிக்கூடம் ஏற்படவும் அவர் முயன்றதாக அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1887ல் வந்த சுகுண சுந்தரி என்ற அவருடைய இரண்டாவது நாவலில் பால்ய விவாகத்தைக் கண்டித்திருக்கிறார்.

அவரும் தம் காலத்து மனுஷர்தான். படித்த பெண் நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் இருப்பாள் என்ற அளவிலேயே அவர் வாதம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அடக்கத்தைப் பற்றிப் பெண்களுக்கு அவர் சொல்லும் புத்திமதிகளை இன்று என் பங்கு இளம்பெண்கள் சங்கத்தில் வாசித்தால் என்னை எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஞானாம்பாளை ராஜாவாக உட்கார வைத்தவரும் அவரேதான். எழுதுகிறவர் சில சமயம் தம் புத்திமதியை விடத் தம் கதையில் அதிக தைரியசாலியாக இருக்கிறார்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று. எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கிய ஒரு பெண்ணை, காய் எடுப்புக் காலம் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு மேலே ஏலத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். விடியற்காலை ஜீப்பில் பெண்களோடு பெண்ணாக நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் போவாள், பொழுது சாய்ந்து இறங்குவாள். நான் போய்க் கேட்டபோது தகப்பனார் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கடன் இருக்கிறது சாமி, தம்பி படிக்கிறான், இரண்டு பேரையும் எப்படிப் படிக்க வைப்பது என்றார். அந்த வீட்டில் நின்றுகொண்டு எனக்குக் கனகசபையின் முதுகு நினைவுக்கு வந்தது. வீட்டுக் கஷ்டம் எல்லாருடையது, ஆனால் அடி விழுகிற முதுகு ஒன்றேதான். நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்தப் பெண்ணின் தாயார் மட்டும் நான் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவரே மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பதினொன்றாவதில் சேர்த்துவிட்டு வந்தார். தாம் முன்போலவே ஜீப்பில் போகிறார்.

வேதநாயகம் பிள்ளையின் கதைக்குத் திரும்புவோம். அவர் 1872ல் உத்தியோகத்தை விட்டார். வயது 46 ஆகவில்லை. மாயூரத்திலேயே தங்கி, நகரசபைத் தலைவராகவும் இருந்தார். அந்த ஊரில் அவருக்கு வாய்த்த சிநேகிதர்களைப் பாருங்கள். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர், பழுத்த சிவபக்தர். அவர் நம் முன்சீப்பின் பேரில் குளத்துக் கோவை என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். இன்னொருவர் திருவாவடுதுறை மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். அவருடைய கொடையையும் குணத்தையும் இவர் செய்யுளில் புகழ்ந்து பாடினார். மூன்றாமவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். வேதம் வேறு என்பதால் யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. தம் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு சம்பாதித்த சிநேகமும் அல்ல அது. கத்தோலிக்கருக்கென்று சத்திய வேத கீர்த்தனைகள் பாடிய அதே கையால், எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடக்கூடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் எழுதி 1878ல் வெளியிட்டார். அவற்றில் சில இன்றும் சங்கீதக் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. பணத்தை எதிரே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டு வைகிற ஒரு பாட்டும் உண்டு. கோர்ட்டில் வந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூல காரணமான பிரதிவாதியை ஒருவழியாகக் கூண்டில் ஏற்றிவிட்டார் போலும்.

அந்தச் சிநேகிதர்களுக்கு நடுவே வந்து விழுந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்தும் விலை ஏறியும் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் அனேகர் இலங்கைத் தோட்டங்களைத் தேடிக் கிளம்பினார்கள். ஜனங்கள் இலையையும் வேரையும் தின்று வழியோரங்களில் விழுந்த காலம் அது. வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டிகளை ஏற்படுத்தினார். வேலையை விட்டுச் சில வருஷங்களாகிவிட்ட மனுஷர், பிள்ளைகுட்டி உள்ளவர், கையிலிருந்ததை எடுத்துச் செலவழித்தார். வருகிறவன் எந்தச் சாதி, எந்த வேதம் என்று கேட்கவில்லை. அந்தத் தொட்டியருகே நின்று பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார், தெய்வங்களைத் தவிர மனுஷரைப் பாடி வழக்கமில்லாத அந்த ஏழைப் பிரமசாரி, இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பின் பேரில் ஒரு கீர்த்தனை பாடினார். மனுஷருக்குள் மேருமலை என்ற கருத்தில் அமைந்தது அது. காசுக்காகப் பாடவில்லை. பாரதியாருக்குக் காசு எதற்கு?

இப்போது நம் அமீனா பெரியவர் கேட்ட கேள்வியை நான் சற்றே திருப்பிப் பார்க்கிறேன். சிரிக்கிற சுபாவம் உள்ளவர்களை நாம் இலேசானவர்கள் என்று எண்ணுகிறோம். வேதநாயகம் பிள்ளை மனைவியரைப் புதைத்தவர். பஞ்சத்தில் செத்தவர்களைக் கண்டவர். முகத்துக்கு நேரே பொய்ச் சத்தியம் செய்கிற சாட்சிகளை வருஷக்கணக்கில் கேட்டவர். அவருக்கு உலகம் தெரியாமல் சிரிப்பு வரவில்லை. தோமாஸ் மோரும் கொலைக்களத்துப் படியில் ஏறும்போதுகூட வேடிக்கை பேசினார் என்று சரித்திரம் சொல்கிறது. அவருக்கு இரத்தசாட்சி முடி கிடைத்தது, 1935ல் பாப்பானவர் அவரைப் புனிதராக உயர்த்தினார். நம் முன்சீப்புக்குக் கிடைத்தது பரீட்சையில் ஒரு மார்க்கு. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ந் தேதி, தமது 62ஆம் வயதில், அவர் காலமானார்.

வருகிற ஜூலை 21ல் அவருடைய ஆத்துமத்துக்காகக் காலைப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். பங்கு வாசகசாலைக்குப் பிரதாப முதலியார் சரித்திரம் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு வாங்கிய பழைய பிரதியை யார் எடுத்துச் சென்றார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் திண்ணையில் வைத்துவிட்டால் போதும். புதுப் பிரதி வந்த அன்றே நம் ஓய்வு பெற்ற அமீனா வந்து, ஜப்தி செய்கிற கெட்டி முகத்தோடு அதை எடுத்துப் போய்விட்டார். அவர் வீட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி உரக்கப் படிக்கிறாளாம், பெரியவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு கேட்கிறாராம். கனகசபை அடிபடுகிற இடத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாராம். அவர்கள் முடித்துத் திருப்பித் தந்ததும் மற்றவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் பங்கு சுவாமி